இன்னாம்மா பண்ணீங்க?

அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். நல்ல மனிதர், கைசுத்தம், தொழில் தெரிந்தவர் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். சில நாள் வராமலே போய்விடும்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் சேலையூர், செம்பாக்கம் பக்கம் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம்தான் வாங்கியிருப்போம். கடை கிடையாது. பெருங்களத்தூரில் அவர் வீட்டு முன்னறைதான் பட்டறை. ரிச்சி தெருவுக்குப் போய் ஒவ்வொரு பாகமாகப் பார்த்து வாங்கிவந்து, தானே பூட்டி, பெட்டியை மொபெட்டின் முன்னால் நிறுத்தி இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அணைத்துக்கொண்டு கொண்டுவந்து இறக்குவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்குரூ டிரைவரும் பெயிண்ட் அடிக்கும் சின்ன பிரஷ்ஷும் இருக்கும். கழற்றின திருகுகளைப் போட்டுவைக்க ஒரு டிபன் பாக்ஸ் மூடி. ஒரு திருகுகூடத் தொலைந்ததில்லை.

எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவார். அந்த மரியாதை எங்களுக்கில்லை, கம்ப்யூட்டருக்கு. பெட்டியைத் திறக்கும் முன் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். "ரிப்பேர்" என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். சிஸ்டத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்ல வேண்டுமாம். சாப்பிடச் சொன்னால் மாட்டார், காப்பியும் வேண்டாம் என்பார், ஒரு சொம்புத் தண்ணீர் போதும். வந்துபோவதற்குக் காசு கேட்டதே இல்லை. இப்படிப்பட்ட ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது? அதுவே பாதி எரிச்சல்.

மீதி எரிச்சல் அவருடைய கேள்வி. ஆண்கள் யாராவது கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று கூப்பிட்டால், "மிஷின் இன்னா பண்ணுது சார்?" என்று கேட்பார். பெண்கள் கூப்பிட்டால், "இன்னாம்மா பண்ணீங்க?" என்பார்.

அதட்டிக் கேட்க மாட்டார். குரலே எழும்பாது. தரையைப் பார்த்துக்கொண்டு, அத்தனை மெதுவாக, நோயாளியின் வீட்டாரிடம் டாக்டர் விசாரிப்பதைப் போலக் கேட்பார். எங்கள் தெருக்கோடியில் கிளினிக் வைத்திருந்த டாக்டர் கீபோர்டில் காப்பியைக் கொட்டியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போது இவர் சொன்னது, "கீபோர்டு குவாலிட்டி சரியில்ல சார், வேற கொண்டாரேன்." காப்பியைக் கொட்டினவர் ஆணாக இருந்தால் கீபோர்டு மேல் தப்பு. நான் கொட்டியிருந்தால் என் பிறப்பின் மேலேயே தப்பு என்றிருப்பார்.

என் கதை இதுதான். கல்யாணத்துக்கு முன்பே தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்ரைட்டிங் ஹையர் முடித்திருந்தேன். கல்யாணத்துக்குப் பின் என் கைக்கென்று வந்த முதல் வேலை, மேற்குத் தாம்பரத்தில் பள்ளிக்கூட நோட்ஸ் போடும் ஒரு பதிப்பாளர் கொடுத்த பன்னிரண்டாம் வகுப்புப் பொருளாதாரம். தமிழில் அடித்துக் கொடுக்க வேண்டும். இது ஒழுங்காகவும் நேரத்துக்கும் வந்தால் வருஷா வருஷம் எல்லாப் பாடமும் எனக்கே. தவறினால் பல்லாவரத்தில் ஒரு டைப்பிங் சென்டர் காத்திருக்கிறது என்றும் அவர் சொல்லிவைத்திருந்தார். அதற்காகத்தான் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கியது.

ஒன்றரை மாதம் ஒரு குறையும் இல்லை. ஆயுத பூஜை வந்தது. அவருக்கு ஆயுத பூஜை என்றால் அன்றைக்கெல்லாம் ஊர்வலம்தான். பல்லாவரத்திலிருந்து வண்டலூர் வரை தான் பூட்டின ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் தேடிப் போய்ச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு வருவார். யாரும் கூப்பிட வேண்டாம். பன்னீரில் குழைத்த சந்தனம், ஒரு எவர்சில்வர் சிமிழில். எங்கள் வீட்டிலும் வந்து, பெட்டியின் முகப்பில், நடுவாக, மோதிர விரலால் ஆழ அழுத்திப் பெரிதாக வைத்தார். அதன்மேல் குங்குமம். "இத்த தொடைக்காதீங்கம்மா. தானா உதிர்ற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் வாராவாரம் தூசி தட்டும்போது பொட்டைச் சுற்றிப் பதவிசாகத் துடைப்பேன்.

பத்து நாள் கழித்து ஆரம்பித்தது. மும்முரமாக அடித்துக்கொண்டிருப்பேன். பட்டென்று திரை கறுத்துவிடும். ஒரு பீப் சத்தம். கம்ப்யூட்டர் அப்போதுதான் புதிதாகப் பிறந்ததைப் போல முதலிலிருந்து எழுந்திருக்கும். ஒரு நாள் இரண்டு முறை, மறுநாள் எட்டு முறை, அதற்கடுத்த நாள் ஒன்றும் இல்லை. பத்து வரிக்கு ஒரு முறை சேமித்துக்கொண்டே அடித்தேன். அப்படியும் ஒருநாள் ஒரு பாடம் முழுக்கத் திறக்காமலே போயிற்று. நான்கு நாள் வேலை. அழுதேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார். கேட்டார். "இன்னாம்மா பண்ணீங்க?"

டைப் பண்ணினேன் என்றேன். உட்கார்ந்து ஒற்றை விரலால் பூப்போல நாலு எழுத்தைத் தட்டிப் பார்த்தார். அரை மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. பெட்டியைத் திறந்து, உள்ளேயிருந்த மெமரி அட்டையை எடுத்துப் பென்சில் ரப்பரால் அதன் பற்களைத் தேய்த்து மறுபடி சொருகினார். மழைக்காலம், ஈரம் ஏறியிருக்கும் என்றார். அடுத்த முறை வந்தபோது என் வளையலைப் பார்த்தார். கழற்றி வைத்துவிட்டு அடிக்கச் சொன்னார். அதற்கடுத்த முறை புடவை. நைலக்ஸ் புடவையில் கரன்ட் உற்பத்தியாகிறதாம், நூல் புடவை கட்டிக்கொள்ள வேண்டுமாம். ஈரத்தலையோடு உட்காரக் கூடாது, கடுகு தாளித்த கையோடு தொடக் கூடாது, டைப்ரைட்டரை அடிப்பதைப் போல அடிக்கக் கூடாது. நானும் ஒவ்வொன்றாகச் செய்தேன். வெறுங்கையும் நூல் புடவையுமாக ஒரு துறவியைப் போல உட்கார்ந்து அடித்தேன். அது என்னை மதிக்கவே இல்லை, பட்டென்று அணைந்தது.

கொடுமை என்னவென்றால், என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்து அதே கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுவார், ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். ஒரு தடவைகூட அணையாது. அவர் நல்லவர்தான். ஆனால் நல்லவர்களுக்கும் கண்ணெதிரே நடப்பதுதானே சாட்சி. "நீ அதை என்னமோ பண்ற" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது.

நாலாவது முறை வந்தபோது அந்த மனிதர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, கேட் பக்கம் என் வீட்டுக்காரரை ஓரமாகக் கூப்பிட்டு ஏதோ பேசிவிட்டுப் போனார். இவர் உள்ளே வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். மறுபடி எடுத்து வேறு ஆணியில் மாட்டினார். தப்பாக எடுத்துக்கொள்ளாதே என்று ஆரம்பித்தார்.

"அந்த மூணு நாள் நீ அதைத் தொடாம இருந்து பாக்கச் சொல்றார். பூஜை போட்ட மிஷினாம்."

திருப்பிக் கேட்டேன். அடுப்பைத் தொடலாம், உங்கள் சட்டையைத் துவைக்கலாம், தண்ணிக் குடத்தைத் தூக்கலாம், தகரப் பெட்டியைத் தொடக் கூடாதா? அவர்தான் சொன்னார், நான் சொல்லவில்லை என்றார் இவர். வெளியாள் ஒருவர் கேட் பக்கம் நின்று என் உடம்பைப் பற்றிப் பேசியிருக்கிறார், இவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் நாக்கு எப்படிப் புரண்டதோ.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நான் செய்ததையும் சொல்ல வேண்டும். அந்த மாதம் மூன்று நாள் நான் அதைத் தொடவில்லை. ஆமாம், நான்தான். ஹையரில் முதல் வகுப்பு வாங்கினவள். பதிப்பாளர் கெடு வைத்த திங்கட்கிழமைக்கு எட்டே நாள் இருக்கும்போது, மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு அதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். ஒருவேளை, ஒருவேளை என்று மனசு அரித்துக்கொண்டே இருந்தது. இவர் மூன்று நாளும் சீட்டு விளையாடினார். அது ஒரு முறைகூட அணையவில்லை. பார்த்தாயா என்றது இவர் முகம். அந்த முகத்தை மறக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். பத்தே நிமிஷம். பட்.

அப்போதுதான் எனக்குக் கோபம் உருப்படியான வழியில் திரும்பியது. ஒரு பழைய டைரியை எடுத்து, எப்போது அணைகிறது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எழுத ஆரம்பித்தேன். இரண்டு நாளில் ஒன்று புரிந்தது. படித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் அணையவில்லை. மெதுவாக அடித்தால் அணையவில்லை. வேகமாக அடித்தால் அணைகிறது. சரி, கீபோர்டை மட்டும் தூக்கி ஒரு ஸ்டூலில் வைத்துக்கொண்டு வேகமாக அடித்தேன். அதே கை, மறுபடி மாட்டிக்கொண்ட அதே வளையல், அதே நைலக்ஸ் புடவை. அணையவில்லை. மறுபடி மேஜைமேல் வைத்து அடித்தேன். அணைந்தது. அப்படியென்றால் என் கையில் ஒன்றும் இல்லை, மேஜை ஆடுவதில்தான் இருக்கிறது. இவர் சீட்டாட்டத்துக்கு மவுஸைத் தள்ளினால் போதும், மேஜை ஆடாது.

பெட்டியை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தேன். பின்பக்கம் தட்டினால் ஒன்றுமில்லை. முகப்பில், சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில் தட்டினேன். பட்.

அந்தக் காலத்துப் பெட்டிகளில் முன்பக்கம் இரண்டு பட்டன் இருக்கும். ஒன்று போட, அணைக்க. அதன்கீழே சின்னதாக இன்னொன்று, ரீசெட். அதை அழுத்தினால் கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்காமல் அணைந்து முதலிலிருந்து எழும். அந்தப் பட்டன் எங்கே என்று தேடினேன். பொட்டுக்குக் கீழே இருந்தது. அவர் விரலால் ஆழ அழுத்தி வைத்த சந்தனம் பட்டனைச் சுற்றியிருந்த இடுக்கில் இறங்கி, காய்ந்து, கல்லாக இறுகி, பட்டனைப் பாதி அழுத்தின நிலையிலேயே பிடித்துக்கொண்டிருந்தது. மேஜை கொஞ்சம் அதிர்ந்தால் போதும், மீதிப் பாதியும் உள்ளே போய்விடும்.

ஊக்கால் சுரண்டி எடுத்தேன். பொல பொலவென்று மஞ்சளாக உதிர்ந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். பட்டன் டக்கென்று வெளியே வந்தது. பிறகு கீபோர்டை மேஜைமேல் வைத்து, டைப்ரைட்டிங் பரீட்சை வேகத்தில், வளையல் குலுங்க அடித்தேன். சனிக்கிழமை முழுக்க, ஞாயிற்றுக்கிழமை முழுக்க. திங்கட்கிழமை காலையில் பதிப்பாளர் மேஜையில் பொருளாதாரம் இருந்தது.

அன்று சாயங்காலமே அவரைக் கூப்பிட்டனுப்பினேன். வந்தார். செருப்பைக் கழற்றினார். வழக்கமான கேள்விக்கு வாயைத் திறக்கும் முன்பே, ஒரு காகிதத்தில் எடுத்துவைத்திருந்த தூளை அவர் முன்னால் வைத்தேன். எடுத்து முகர்ந்தார். "நம்ம சந்தனம்" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. நடந்ததைச் சொன்னேன். ரீசெட் பட்டனைக் கட்டைவிரலால் மூன்று முறை அழுத்தி, அதன் சத்தத்தைக் காது வைத்துக் கேட்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"சார்கிட்ட சொல்லிட்டீங்களாம்மா?" என்று கேட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. நீங்களே சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் எழுந்து நின்று, ரீசெட் பட்டன் மாட்டிக்கினு இருந்தது, இப்போது சரியாகிவிட்டது சார் என்றார். அவ்வளவுதான். எது மாட்டியது, யார் வைத்தது, யார் கண்டுபிடித்தது, ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் அவருக்கு நன்றி சொன்னார்.

நான் விடவில்லை. இரண்டு பேரையும் நிற்கவைத்து எல்லாவற்றையும் சொன்னேன், அந்த மூன்று நாள் உட்பட. இவர் முகம் தொங்கிப்போயிற்று. பிறகு அந்த மனிதரைக் கேட்டேன், இதை இன்னும் எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறீர்கள்?

வேறு யாராக இருந்தாலும் பொய் சொல்லியிருப்பார்கள். அவர் விரல் விட்டு எண்ணினார். "உங்களோட சேர்த்து நாலு வூடும்மா."

அந்த இடத்தில்தான் அவர்மேல் எனக்கு ஒரு மரியாதையும் வந்து தொலைந்தது. அவருக்குப் பொய் தெரியாது. தன் கை பட்ட பொருளில் தப்பு இருக்காது என்று உளமார நம்பினவர். எங்கள் சொல்லைவிட அந்தத் தகரத்தின் சொல்லை நம்பினார். பிற்பாடு தாம்பரம் ஸ்டேஷனில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். "சிஸ்டம் நல்லா கீதாம்மா?" என்றுதான் விசாரிப்பார். நான் எப்படி இருக்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மற்ற மூன்று வீட்டுக்கும் போனில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றார் அன்றைக்கு. கூடாது என்றேன். நேரில் வந்து ஆண்களிடம் சொன்னீர்கள், நேரில் போய் அதே ஆண்களிடம் சொல்லுங்கள். இரண்டு வீட்டுக்குப் போய்ச் சொன்னார், பட்டனையும் சுத்தம் செய்துவிட்டு வந்தார். மூன்றாவது வீடு மேடவாக்கம். அங்கே மட்டும் போகவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று நழுவினார். கம்பி, சிமென்ட் வியாபாரம் செய்யும் பெரிய குடும்பம். ஊரில் பாதி நிலம் ஒருகாலத்தில் அவர்களுடையது. அந்த வீட்டுப் பெரியவரிடம் போய்த் தன் கைத்தப்பு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நானே வருகிறேன் என்று பஸ் ஏறினேன். அவர் மொபெட்டில் முன்னால் போய் வாசலில் நின்றார்.

கூடத்தில் கம்ப்யூட்டர்மேல் பூப்போட்ட துணி போர்த்தியிருந்தது. அந்த வீட்டு மருமகள் பி.காம். படித்த பெண், கடை பில்லெல்லாம் அவள்தான் போட்டுக்கொண்டிருந்தாளாம். அந்த மனிதர் சொல்லிவிட்டுப் போனபின், மூன்று நாள் என்ன கணக்கு, எதற்கு வம்பு என்று மாதம் முழுக்கவே தொட வேண்டாம் என்றுவிட்டார்களாம். இரண்டு மாதமாக அது அப்படியே கிடக்கிறது. அவள் உள்ளறை நிலைப்படியில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் துணியை விலக்கி, மண்டியிட்டு உட்கார்ந்து, ஊசியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். பிறகு எழுந்து பெரியவருக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னை ஒரு முறை பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை.

"நான் வெச்ச சந்தனந்தாங்க உள்ள போயி இறுகிக்கினு இருந்துச்சு. பாப்பா மேல தப்பு இல்லீங்க."

பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, சரி விடு, ஓடுது இல்ல, அத்தோட விடு என்றார். அவருக்கு அது அத்தோடு முடிந்துவிட்டது.

"அப்ப நான் தொட்டதால இல்லையா?" என்று நிலைப்படியிலிருந்து குரல் வந்தது.

அந்தக் கேள்வி பெரியவரைக் கேட்டது இல்லை. அந்த மனிதர் முதல்முறையாகத் தரையிலிருந்து கண்ணை எடுத்து ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்தார். "இல்லம்மா" என்றார்.

அவள் யாரையும் கேட்கவில்லை. நிலைப்படியைத் தாண்டி வந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டாள். ஒரு முழுப் பக்கம் அடித்தாள். முதல் இரண்டு வரி மெதுவாக, பிறகு வேகம் பிடித்தது. மேஜை ஆடியது. நாங்கள் மூன்று பேரும் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது அணையவில்லை.

அவர் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் என்னை வழியனுப்பக் கேட் வரைக்கும் வந்தாள். கூடத்துப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இன்னைக்கு எனக்கு ரெண்டாவது நாள்க்கா."

சொல்லிவிட்டு, இரண்டு மாத பில் பாக்கி கிடக்கிறது என்று வேகமாக உள்ளே போனாள்.